சறுக்கு வண்டி விளையாட்டு: பாஸ்டன் தெருவிலிருந்து மலைப் பனிப் பூங்கா வரை

பனி மூடிய சரிவில் சிறு வண்டியிலோ பலகையிலோ அமர்ந்து கீழே வழுக்கி வரும் விளையாட்டு சறுக்கு வண்டி விளையாட்டு ஆகும். இவ்வண்டி ஆங்கிலத்தில் ஸ்லெட் எனப்படுகிறது. அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் பெற்றோர் சிறு குழந்தைகளை இவ்விளையாட்டுக்காக மலையிலுள்ள பனிப் பூங்காக்களுக்கு அழைத்துச் செல்வது இன்று வழக்கமாக உள்ளது. முற்காலத்தில் இது வீட்டு வாசல் தெருவிலேயே நடைபெற்றது. தெருவில் இருந்த விளையாட்டு மலைக்குச் சென்ற வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

தோற்றம்

பனி நாடுகளில் சக்கரம் புதையும். சறுக்குக் கட்டை புதையாது. ஆகவே சறுக்கு வண்டி முதலில் சுமை இழுக்கும் சாதனமாகவே பயன்பட்டது. வட அமெரிக்கப் பழங்குடியினர் முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த தட்டையான மரப்பலகையில் வேட்டைப் பொருள்களை இழுத்துச் சென்றனர். டொபோகன் என்னும் அதன் பெயர் பழங்குடி மொழியிலிருந்து கனடியப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது.

பாஸ்டன் சிறுவர்களின் முறையீடு

1775 ஜனவரியில் பாஸ்டன் நகரம் பிரித்தானியப் படையின் பிடியில் இருந்தது. படைத்தளபதி ஹால்டிமாண்ட் தங்கியிருந்த வீட்டின் அருகே, ஸ்கூல் தெருச் சரிவில் பள்ளிச் சிறுவர்கள் சறுக்கி விளையாடுவர். தளபதியின் பணியாள் அச்சரிவில் சாம்பலைக் கொட்டினார். சாம்பல் விழுந்தால் பனியின் வழுக்குத் தன்மை போய்விடும். சிறுவர்கள் குழுவாகத் தளபதியிடம் சென்று, தங்கள் தந்தையர் காலம் முதல் அது சறுக்குமிடமாக இருந்து வருகிறது என்று முறையிட்டனர். அவரும் அதனைச் சரிசெய்யுமாறு பணியாளுக்கு உத்தரவிட்டார்.

செய்தியைக் கேட்ட ஆளுநர் கேஜ், இம்மக்களுக்குச் சுதந்திர உணர்வு சிறு வயதிலேயே வேரூன்றிவிட்டது என்ற பொருள்படக் கூறியதாக, ஜான் ஆண்ட்ரூஸ் என்னும் பாஸ்டன் வணிகர் அந்நாளில் எழுதிய கடிதம் தெரிவிக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியது. விளையாடும் இடத்தைத் தம் உரிமையாகக் கருதிச் சிறுவர்கள் அதிகாரத்தின் முன் நின்றதற்கு இது ஓர் அரிய சான்று.

தொழிற்சாலை வண்டிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வண்டிகள் பெரும்பாலும் வீட்டிலோ உள்ளூர்த் தச்சராலோ செய்யப்பட்டன. 1861-இல் மெய்ன் மாநிலத்தில் ஹென்றி மார்ட்டன் தொடங்கிய தொழில், பின்னர் பாரிஸ் உற்பத்தி நிறுவனமாக வளர்ந்தது. அக்காலத்தில் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் வேறு வேறு வண்டிகள் இருந்தன. சிறுவர்க்கான கிளிப்பர் தாழ்வானது. குப்புறப் படுத்துத் தலை முன்னே செல்லச் சறுக்குவர். சிறுமியர்க்கான கட்டர் உயரமானது. நிமிர்ந்து அமர்ந்தே செல்ல வேண்டும்.

இவ்வண்டிகளைக் காலைத் தரையில் தேய்த்தே திருப்ப முடிந்தது. பிலடெல்பியாவில் வேளாண் கருவிகள் செய்துவந்த சாமுவேல் லீட்ஸ் ஆலன் இக்குறையைத் தீர்த்தார். முன்புறக் குறுக்குக் கட்டையைத் திருப்பினால் எஃகுச் சறுக்குக் கம்பிகள் வளைந்து வண்டி திசை மாறும். பிளெக்சிபிள் பிளையர் என்னும் இவ்வண்டிக்கு 1889-இல் காப்புரிமை கிடைத்தது. வேளாண் கருவி விற்பனை பருவத்தைச் சார்ந்தது என்பதால், மற்ற மாதங்களிலும் தொழிலாளர்க்கு வேலை தருவது அவர் நோக்கங்களுள் ஒன்று.

தெருவிலிருந்து மலைக்கு

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வாகனங்கள் பெருகியதால் தெருச் சரிவுகள் ஆபத்தாயின. சில நகரங்கள் குறிப்பிட்ட தெருக்களை வாகனங்களுக்கு மூடிச் சிறுவர்க்கு ஒதுக்கின. நாளடைவில் விளையாட்டு பூங்காக்களுக்கும் மலைகளுக்கும் நகர்ந்தது. 1950-இல் கனெக்டிகட்டில் வெய்ன் பியர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் அழுத்தக் காற்றையும் நீரையும் சேர்த்துப் பீய்ச்சிச் செயற்கைப் பனி உண்டாக்கும் கருவியைச் செய்தனர். இதனால் இயற்கைப் பனி குறைந்த நாளிலும் சரிவுகளைத் திறந்து வைக்க முடிந்தது.

ஒரிகன், வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்களில் ஸ்னோ-பார்க் என்னும் ஏற்பாடு உள்ளது. மலைச் சாலையோரம் பனி அகற்றிய வாகன நிறுத்துமிடங்களுக்கு அனுமதிச் சீட்டு விற்கப்படுகிறது. அக்கட்டணத்தைக் கொண்டே அவை பராமரிக்கப்படுகின்றன. வாஷிங்டனின் ஸ்னோகுவால்மி கணவாய் அருகிலுள்ள ஹையாக் பூங்காவில் சறுக்குவதற்கென்றே சீரமைக்கப்பட்ட சரிவு உண்டு. தனியார் பூங்காக்களில் காற்றடைத்த ரப்பர் வளையங்களும், குழந்தைகளை மேலே ஏற்றிச் செல்லும் நகரும் பட்டையும் உள்ளன.

பாதுகாப்பும் தடையும்

1997 முதல் 2007 வரை அமெரிக்க மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 20,000-க்கு மேற்பட்ட சிறார் இவ்விளையாட்டுக் காயங்களுக்காகச் சிகிச்சை பெற்றனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இழப்பீட்டு வழக்குகளுக்கு அஞ்சி, அயோவா மாநிலத்தின் டுபியூக் நகரம் 2015-இல் தன் 50 பூங்காக்களில் இரண்டைத் தவிர மற்றவற்றில் சறுக்குவதைத் தடை செய்தது.

அதே ஆண்டு வாஷிங்டன் நகரில் நேர்மாறானது நடந்தது. நாடாளுமன்றக் கட்டடம் அமைந்த கேப்பிட்டல் குன்றில் இருந்த தடையை மீறி, பெற்றோர் குழந்தைகளுடன் வந்து சறுக்கினர். ஆண்டு இறுதியில் நிறைவேறிய செலவினச் சட்டத்தையொட்டி அத்தடை தளர்த்தப்பட்டது. 240 ஆண்டுகளுக்கு முன் பாஸ்டன் சிறுவர் கேட்டதையே இவர்களும் கேட்டனர்.

தடையைவிட முறையான பழக்கமே நல்ல வழி. சரிவு மிகச் செங்குத்தாக இருக்கக்கூடாது. கீழே மரமோ சாலையோ இல்லாத சமதளம் வேண்டும். ஐந்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள குழந்தைகள் பெரியவருடன் சறுக்க வேண்டும். தலைக்கவசம் நன்று. வாகனத்தில் கட்டி இழுத்தல் கூடாது. குப்புறப் படுக்காமல், கால் முன்னே இருக்க நிமிர்ந்து அமர வேண்டும் என்பதும் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. கிளிப்பர் சிறுவர்க்கு, கட்டர் சிறுமியர்க்கு என்று பிரித்த அக்காலத்தில், பாதுகாப்பான முறையில் அமர்ந்து சென்றவர்கள் சிறுமியரே.