அசோஸ்பைரில்லம்

நெல், சோளம், கம்பு போன்ற புல்லினப் பயிர்களின் வேரையொட்டி வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் பாக்டீரியாப் பேரினம். பயறு வகைகளில் ரைசோபியம் உண்டாக்கும் வேர்முடிச்சு போன்ற எதையும் இது உண்டாக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இல்லாததால் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஆய்ந்த மார்ட்டினஸ் பெய்ரிங்க் 1925-இல் இதற்கு ஸ்பைரில்லம் லிப்போஃபெரம் என்று பெயரிட்டார். செல்லுக்குள் மின்னிய கொழுப்பொத்த துளிகளே பெயருக்குக் காரணம். ஆனால் அதன் நைட்ரஜனை மாற்றும் திறன் பல பத்தாண்டுகள் ஐயத்துக்குரியதாகவே இருந்தது.

ஐயத்தைத் தீர்த்தவர் யோகன்னா டோபரைனர். 1924-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து பிரேசிலில் குடியேறியவர். ரியோ டி ஜெனிரோவை அடுத்த செரோபெடிகாவில் பணியாற்றினார். நைட்ரஜனை மாற்றும் நொதியை ஆக்சிஜன் முடக்கிவிடும். ஆனால் இப்பாக்டீரியா உயிர்வாழ ஆக்சிஜனும் வேண்டும். அதனால் கெட்டியும் நீர்த்ததும் அல்லாத, மாலேட் கலந்த வளர்ப்பூடகத்தை அவர் குழு பயன்படுத்தியது. பாக்டீரியா தானே இறங்கி, தனக்கு ஏற்ற ஆழத்தில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, மெல்லிய ஏடாகப் படர்ந்தது. மாலேட் செலவாகக் காரத்தன்மை கூடி, பச்சை ஊடகம் நீலமானது. நைட்ரஜன் கலவாத அந்த ஊடகத்தில் ஏடு படிந்ததே பெரிய தடயம். 1978-இல் டாரண்ட், கிரீக், டோபரைனர் மூவரும் அசோஸ்பைரில்லம் என்ற புதுப் பேரினத்தை நிறுவி, அதில் லிப்போஃபெரம், பிரேசிலென்ஸ் என இரு சிற்றினங்களைச் சேர்த்தனர்.

இதற்குள் உரவிலை ஏறியிருந்தது, எதிர்பார்ப்பும் ஏறியது. மக்காச்சோள வேர்களை வெட்டியெடுத்து ஓரிரவு வைத்திருந்து நைட்ரஜன் மாற்றத்தை அளந்த தொடக்கக் கணக்குகள் மிகைபட்டவை என்பது பின்னர் தெளிந்தது: காத்திருந்த நேரத்தில் பாக்டீரியா பெருகியிருந்தது. பயிர் செழிப்பதற்கு இன்னொரு விளக்கமும் வலுத்தது. பாக்டீரியா சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி வேர்த்தூவிகளைப் பெருக்க, பயிர் நீரையும் சத்தையும் கூடுதலாக உறிஞ்சுகிறது. நைட்ரஜனுக்காகப் பெயர் பெற்றதன் பெரும்பணி வேர்வளர்ப்பே எனலாம். இருபதாண்டு வயல் சோதனைகளை 1994-இல் தொகுத்த ஓகான், லபண்டேரா ஆகியோர், அவற்றில் 60–70 விழுக்காட்டில் விளைச்சல் 5 முதல் 30 விழுக்காடு வரை கூடியதாகக் கண்டனர். எஞ்சியவற்றில் அப்படிப் பலனில்லை. மண்ணும் பயிரும் ரகமும் மாறப் பலனும் மாறுகிறது. பிரேசிலில் ஏபி-வி5, ஏபி-வி6 என்னும் திரிபுகள் மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் பரவலாயின.

தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் நெல்லுக்கான உயிர் உரம். கரித்தூளில் கலந்து 200 கிராம் பொட்டலமாகக் கிடைக்கிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி நிழலில் உலர்த்துவர். அல்லது நீரில் கரைத்து நாற்றின் வேரை நனைத்து நடுவர். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் பாக்டீரியா மடிந்து, கரித்தூள் மட்டுமே மிஞ்சும்.