தேசப்படத் தொழிலும் கணனியும்

தேசப்படம் வரைதல் நெடுங்காலமாகக் கையாற் செய்யுந் தொழிலாகவே இருந்துவந்தது. அதன் போக்கை மாற்றியது புதுமை வேட்கையன்று, ஆட்பற்றாக்குறையேயாம். 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் கனடா அரசினர், தம் நாட்டு நிலங்கள் பயிர்ச்செய்கைக்கும் காட்டுக்கும் வனவிலங்குக்கும் எவ்வளவு ஏற்றவை எனப் படங்களிற் பதிய முற்பட்டனர். வரைவதினும் அரிது, வரைந்த படங்களை ஒன்றன்மேலொன்றாக வைத்துப் பரப்பளவு கணித்தல். அதற்கு வேண்டிய அளவிற் பயிற்சி பெற்றோர் அந்நாட்டில் இலர். ஒட்டாவாவில் ஆகாய அளவை நிறுவனமொன்றிற் பணிபுரிந்த றொஜர் ரொம்லின்சன், எல்லைக்கோடுகளை எண்களாக்கிக் கணனியிடம் ஒப்படைக்கலாமென எடுத்துரைத்தார். படத்தைப் படிக்கும் உருளைக் கருவியொன்றை ஐ.பி.எம். நிறுவனத்தார் இதற்கெனவே அமைத்தனர். புவியியற் றகவற் றொகுதிகளுள் முதலாவதெனப் போற்றப்படுவது இவ்வாறு எழுந்ததேயாம்.

பின்னர் 1969இல் ஐக்கிய அமெரிக்காவில் எஸ்றி நிறுவனம் தோன்றியது; 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ் மென்பொருளோ எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றது. நிபுணர் செய்த வேலையை இன்று மாணவருஞ் செய்வர். ஆகவே இத்துறைக்குத் தனித் தொழிலாளர் வேண்டாவெனக் கூறுவாருமுளர். கனடாவின் அனுபவம் அக்கூற்றை மறுக்கின்றது. அம்முதற் றொகுதி வழக்கிழந்தபின் அதன் தரவுகள் காந்த நாடாக்களில் அடைபட்டுக் கிடந்தன. அவற்றின் அமைப்பை அறிந்தவரோ ஓய்வுபெற்று வந்தனர். அரச நிறுவனங்களைச் சேர்ந்த அறிவுடையோர் சிலரின் முயற்சியாலேயே 1990ஆம் ஆண்டுகளில் அவை மீட்கப்பட்டன.