யார் தேர்ந்தெடுப்பது? இறக்குமதிச் சரக்கின் தரச் சோதனையும் இராஜபாளையம் வட்டாரமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் பால்கோவா வாங்குகிறவர் ஒரு விள்ளலை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்கிறார். சரக்கும் விலையும் விற்பவரும் வாங்குபவரும் ஒரே இடத்தில் இருப்பதால் மூன்றாம் ஆளுக்கு அங்கே வேலையில்லை. பக்கத்து ஊரான இராஜபாளையத்தின் நூற்பாலைக்கு வரும் அயல்நாட்டுப் பஞ்சின் நிலை வேறு. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். இன்று இவ்வூர் மெல்லிய ரக நூலுக்குப் பேர்பெற்றது. அந்த நூலுக்கு வேண்டிய மிக நீண்ட இழைப் பஞ்சு நம் நாட்டில் தேவைக்கு விளைவதில்லை. அமெரிக்காவின் பீமாவும் எகிப்தின் கீஸாவும் கப்பலேறி வந்தாக வேண்டும். 2021 பட்ஜெட்டில் பஞ்சுக்கு விதித்த 11 சதவீத இறக்குமதி வரியிலிருந்து, 32 மில்லிமீட்டருக்கு மேல் இழை நீளமுள்ள பஞ்சை மட்டும் 2024 பிப்ரவரியில் அரசு விலக்கியதற்கும் இதுவே காரணம். இப்படி வரும் பஞ்சுக்குப் பெரும்பாலும் லெட்டர் ஆஃப் கிரெடிட் மூலமாகவே பணம் போகிறது. 2007 முதல் நடப்பிலுள்ள யூசிபி 600 விதிகளின்படி வங்கி ஆவணங்களை மட்டுமே பார்க்கும்; சரக்கைப் பார்க்காது. ஆவணம் உண்மையானதா என்பதற்கும் வங்கி பொறுப்பேற்காது. பொதியை ஆலை பிரிக்கும் முன்பே பணம் கைமாறிவிடக்கூடிய இந்த ஏற்பாட்டில், ஏற்றுமதிக்கு முன் எழுதப்படும் தரச் சான்றே வாங்குபவருக்கு மிஞ்சும் பிடிமானம்.

அந்தச் சான்றை எப்போது நம்பலாம்? வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாம் தரப்பு சோதித்தால் நம்பலாம் என்பது வழக்கமான விடை. இந்த விடை பாதிதான் சரி. சோதனையாளர் மூன்றாம் தரப்பாக இருப்பது முதல் படி மட்டுமே. அவரைத் தேர்ந்தெடுப்பது யார், அவர் பிரித்துப் பார்க்கும் பொதியைத் தேர்ந்தெடுப்பது யார், அவர் எழுதியதை மறுபடி சரிபார்ப்பது யார் என்ற மூன்று கேள்விகளே அவருடைய சுதந்திரத்தைத் தீர்மானிக்கின்றன. கூலியை யார் கொடுக்கிறார் என்பதுகூட இவற்றுக்கு அடுத்த கேள்விதான்.

இதற்கு மிகக் கொடிய சான்று கராச்சியில் இருக்கிறது. 2012 செப்டம்பர் 11 அன்று அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 250-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு, தொழிலிட நிலைமைகளுக்கான எஸ்ஏ 8000 என்ற பன்னாட்டுச் சான்றிதழ் கிடைத்திருந்தது. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று பின்னாளில் நீதிமன்றம் முடிவுசெய்தது உண்மை. ஆனால் கம்பியடித்த சன்னல்களும் அடைபட்ட வழிகளுமே அத்தனை பேரை உள்ளே சிக்கவைத்தன. சோதனையாளர் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை அவை. சான்றளித்தது அயல்நாட்டு நிறுவனம், தாள்களின்படி மூன்றாம் தரப்பு. ஆனால் சான்று தேவைப்பட்ட தொழிற்சாலைதான் அதன் வாடிக்கையாளர். இந்தப் பிணைப்பின் விளைவை அளந்து காட்டியது குஜராத்தில் நடந்த ஓர் ஆய்வு. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகினி பாண்டே, நிக்கோலஸ் ரயான் ஆகியோர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து அகமதாபாத், சூரத் பகுதிகளின் 473 ஆலைகளில் அதை நடத்தி, முடிவுகளை 2013-இல் வெளியிட்டனர். ஆலைகளே தணிக்கையாளரை அமர்த்திக் கூலி கொடுத்த பழைய முறையில், காற்றுத் துகள் அளவு வரம்பை மீறியதாகத் தணிக்கையாளர்கள் எழுதியது 7 சதவீத அளவீடுகளில் மட்டுமே. அவற்றை மறுபடி அளந்தபோது 59 சதவீதம் வரம்பை மீறியிருந்தன. பாதி ஆலைகளுக்கு மட்டும் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து நிலையான கூலி கொடுத்து, சில அளவீடுகளை முன்னறிவிப்பின்றி மறுசோதனை செய்தார்கள். பொய் அறிக்கை பெருமளவு குறைந்தது. ஆலைகளின் மாசும் குறைந்தது. தொழிலும் ஊரும் மாறவில்லை; மாறியது ஏற்பாடு மட்டுமே.

கூலி கொடுப்பவரே அறிக்கையை வளைப்பார் என்றால் அமெரிக்கப் பஞ்சை யாரும் நம்பியிருக்க முடியாது. அங்கே தரம் பிரிக்கும் கட்டணம் பஞ்சுக்காரர் தலையில்தான் விழுகிறது. ஆனாலும் ஒவ்வொரு பொதியின் இரு பக்கத்திலிருந்தும் எடுத்த மாதிரி வேளாண் துறையின் கூடத்துக்குப் போகிறது. அங்கே கருவி இழையின் நீளம், வலிமை, சீர்மை, மைக்ரோனேர் (இழையின் நயத்தையும் முதிர்ச்சியையும் காட்டும் அளவு) ஆகியவற்றை அளக்கிறது. பொதியின் அடையாள எண்ணோடு முடிவு பதிவாகிறது. கட்டணம் பொதிக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்பட்டது. நல்ல தரம் எழுதினால் கூடுதல் வரவும் இல்லை, குறைத்து எழுதினால் வாடிக்கை இழப்பும் இல்லை. எகிப்தில் அலெக்சாந்திரியாவிலுள்ள பஞ்சு நடுவர்தீர்ப்பு மற்றும் சோதனைப் பொது நிறுவனமும் இத்தகைய பணியைச் செய்கிறது. சோதிக்கும் கூடங்களையே சோதிக்கவும் வழி உண்டு. பன்னாட்டுப் பஞ்சு ஆலோசனைக் குழுவின் முயற்சியால் 2007 முதல், ஒரே பஞ்சின் மாதிரியைப் பல நாட்டுக் கூடங்களுக்கு அனுப்பி, அவற்றின் அளவுகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கிறார்கள். இது சின்ன விஷயமல்ல. பஞ்சு காற்றின் ஈரத்தை வாங்கவும் விடவும் செய்கிற பொருள். 65 சதவீத ஈரப்பதம் நிலவும் அறையில் வைத்துப் பதப்படுத்தாமல் அளந்தால் இழையின் வலிமை வேறாகத் தெரியும், எடையும் வேறாகும். மைக்ரோனேர் வேறுபட்ட பொதிகள் கலந்துவிட்டால் ஆலையில் எதுவும் தெரியாது. சாயமேறிய துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். அதற்குள் அந்த நூல் எத்தனையோ கைமாறியிருக்கும்.

இதே வட்டாரம் மறுகரையிலும் நிற்கிறது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் நெய்யும் மருத்துவத் துணி கடல் கடந்து போகிறது. அங்குள்ள இறக்குமதியாளருக்கு நாம்தான் ‘வெளிநாட்டுத் தொழிற்சாலை’. காஸ் துணியின் தரம் இழை எண்ணிக்கையில் இருக்கிறது. ஐரோப்பியத் தரத்தின் 17 இழை ரகத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்குப் பாவு 100, ஊடை 70. ஊடையில் நாலைந்து குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. துணியின் மேல் கண்ணாடி வைத்து எண்ணினால்தான் தெரியும். அறுவைப் பஞ்சுக்கு இன்னொரு சோதனை: கம்பிக் கூடையில் 5 கிராம் பஞ்சை வைத்துப் பத்து மில்லிமீட்டர் உயரத்திலிருந்து நீரில் விட்டால், பத்து விநாடிக்குள் அது மூழ்க வேண்டும். எண்ணெய்ப் பசை முழுக்கப் போகாத பஞ்சு மிதக்கும். புண்ணின் கசிவையும் அது உறிஞ்சாது. சோதனை எளிதுதான். எந்தப் பெட்டியின் பஞ்சு அந்தக் கூடைக்குள் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 2859 அட்டவணைப்படி, சாதாரண நிலையில், 3,201 முதல் 10,000 வரை எண்ணிக்கையுள்ள சரக்கில் 200 உருப்படிகளைப் பார்க்க வேண்டும். 2.5 என்ற தர வரம்பில் பத்துக் குறை வரை ஏற்கலாம். பதினொன்றானால் சரக்கைத் தள்ள வேண்டும். இந்தக் கணக்கின் உயிர், 200-உம் குருட்டாம்போக்கில் எடுக்கப்பட வேண்டும் என்பதில் இருக்கிறது. கிடங்குக்காரர் தாமே பெட்டிகளை இறக்கிவைத்து ‘இதைப் பாருங்கள்’ என்றால், அட்டவணை வெறும் தாள். சோதனையாளரே அடுக்கின் அடியிலும் பின்புறத்திலும் கைவைத்துப் பெட்டி எடுக்க வேண்டும். அப்படி எடுத்த அறிக்கை நெசவு முதலாளிக்கும் கவசமாகும். துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தபின் விலையைக் குறைக்கச் சாக்குத் தேடும் வாங்குபவரிடம் காட்ட அவர் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

பல்லாண்டு உறவுள்ள விற்பவர் ஏமாற்ற மாட்டார், சோதனை எதற்கு என்பார்கள். 2011 மார்ச்சில் பஞ்சு விலை பவுண்டுக்கு இரண்டு டாலரைத் தாண்டிப் பின் சரிந்தபோது, பழகிய தரப்புகளே ஒப்பந்தங்களைக் கைவிட்டன. லிவர்பூலின் பன்னாட்டுப் பஞ்சுச் சங்கத்தில் நடுவர் வழக்குகள் பெருகின. உறவு விலை அமைதியாக இருக்கும்வரை தாங்கும். ஆலையின் சொந்தக் கூடமே போதும் என்ற வாதம் இதைவிட வலுவானது; வாசலில் சோதிக்காத ஆலை இருக்கவும் கூடாது. ஆனால் அந்த முடிவு ஒரு தரப்பின் முடிவு. எதிர்த்தரப்பு அதை ஏற்க வேண்டியதில்லை. தவிர, 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் சரக்கை ஏற்றதாகவே பொருள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை போதாதா என்றால், அந்த உரிமம் ஆலைக்கும் பொருள் வகைக்கும் உரியது. இந்த வாரம் ஏற்றிய இந்தக் கண்டெய்னருக்கு அது சாட்சி சொல்லாது.

செலவு பற்றிய தடைதான் உண்மையில் கடினமானது. பெரிய ஆலைக் குழுமம் அயல்நாட்டுத் துறைமுகத்துக்கே ஆள் அனுப்பும். பத்துத் தறிக்காரரும், ஒரு கண்டெய்னர் மட்டும் இறக்கும் சிறு நிறுவனமும் மலிவான ஆளைத் தேடுவார்கள். பெரும்பாலும் அந்த ஆளை விற்பவரே காட்டிக்கொடுப்பார். இதன் முடிவு என்ன என்பதைப் பழைய இரும்பு இறக்குமதி காட்டியது. 2004-இல் காசியாபாத் உருக்காலை ஒன்றில் இறக்குமதிக் கழிவோடு வந்த போர்க்குண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன்பின் அரசு, ஏற்றுமதிக்கு முந்தைய சோதனைச் சான்றைக் கட்டாயமாக்கி முகமைகளைப் பட்டியலிட்டது. பின்னர் பொய்ச் சான்று கொடுத்த முகமைகள் மேல் நடவடிக்கையும் எடுக்க நேர்ந்தது. சான்றைக் கட்டாயமாக்கிய விதி, பட்டியலிலிருந்து ஆளைப் பொறுக்கும் உரிமையை வணிகரிடமே விட்டிருந்தது. ஆகவே, வட்டாரத்துச் சங்கங்கள் ஒரு பொது நிதி வைத்து, கண்டெய்னருக்கு இவ்வளவு என்று வாங்கி, தகுதி பெற்ற சோதனையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கலாம். ஒவ்வொரு சரக்கின் மாதிரியிலும் ஒரு பகுதியை முத்திரையிட்டு வைத்து, சிலவற்றை யாருக்கும் சொல்லாமல் கோயம்புத்தூரின் சிட்ரா போன்ற கூடத்தில் மறுபடி சோதிக்கலாம். 1956-இல் தொடங்கிய சிட்ரா, மருத்துவத் துணிக்கான சிறப்பு மையமாகவும் இருப்பதால் பஞ்சு, காஸ் இரண்டுக்கும் அது பொருந்தும். விலகல் திரும்பத் திரும்ப வந்த சோதனையாளர் குலுக்கலிலிருந்து நீங்குவார்.

குலுக்கலில் வருகிறவர் அந்தச் சரக்கை அறியாதவராக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. கிருமிநீக்கம் செய்த கட்டுத்துணியைச் சோதிக்க நுண்ணுயிரியல் தெரிய வேண்டும்; பஞ்சின் மைக்ரோனேர் பார்க்கிறவர் அதற்கு உதவமாட்டார். அதனால் குலுக்கல் ஒரே பட்டியலில் நடக்கக் கூடாது. சரக்கு வகைக்கு ஒரு பட்டியல் வேண்டும். சில வகைகளில் தகுதியானவர் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அங்கே குலுக்கலின் பயன் குறையும், விற்பவர் அவர்களை எளிதில் அறிந்துகொள்வார். அத்தகைய சரக்குக்கு மறுசோதனையின் பங்கைக் கூட்ட வேண்டியிருக்கும், அதற்கேற்ப நிதிக்குச் செலுத்தும் தொகையும் கூடும். அந்தக் கூடுதல் செலவை அந்தச் சரக்கை இறக்குகிறவரே ஏற்பதுதான் முறை. பஞ்சு இறக்கும் சிறு ஆலையின் மேல் அதைச் சுமத்தினால் முதலில் விலகுவது அந்த ஆலையாகத்தான் இருக்கும்.