ஃபென்ஸ் நிலங்களில் நீர்மட்டம் யார் கையில்?

கிழக்கு இங்கிலாந்தின் ஃபென்ஸ் சமவெளியில், ஹோம் ஃபென் என்னுமிடத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. விட்டில்சி ஏரியை வடித்த 1851-ஐ ஒட்டி, பீட் மண்ணுக்கு அடியிலுள்ள களிமண்வரை அதை இறக்கினார்கள். தலை தரைமட்டத்தில் இருந்தது. இன்று அந்தத் தலை ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிலம் அவ்வளவு அமிழ்ந்திருக்கிறது. அதில் ஒரு மீட்டருக்கு மேல் முதல் பத்தாண்டிலேயே போயிற்று.

நீரை இழந்த பீட் முதலில் சுருங்கி இறுகும். பிறகு, காற்றுப் படும் அடுக்கை நுண்ணுயிர்கள் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றும். நாணலும் கோரையும் முழுதாய் மட்காமல் நீருக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமம் அது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, சாகுபடியை விட்டு நிலத்தை மீண்டும் சதுப்பாக்குவது. செலரியும் லெட்டூஸும் உருளைக்கிழங்கும் செழிக்கும் மண்ணில் இதை உழவர் ஏற்பது கடினம். ஏற்றாலும், அதே காய்கறி இன்னொரு நாட்டின் வடித்த பீட் நிலத்திலிருந்து வருமானால் உமிழ்வு இடம் மாறுமே தவிரக் குறையாது.

கிறிஸ் எவன்ஸ் குழு 2021இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு நடுவழி ஒன்றைக் காட்டுகிறது. நீர்மட்டத்தை 10 செ.மீ. உயர்த்தும்தோறும் ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வெப்பத் தாக்கம் குறைகிறது. தரைக்குக் கீழே 30 செ.மீ.வரை நீர் ஏறும்வரை இக்கணக்கு பொருந்தும். அதற்கு மேலும் நிகரப் பலன் உண்டு, 10 செ.மீ.க்குள் வரும்போதுதான், நனைந்த பீட் வெளியிடும் மீத்தேன் அதைத் தின்னத் தொடங்குகிறது. அந்த மீத்தேனும் வளிமண்டலத்தில் பத்தாண்டு அளவிலேயே சிதைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடோ சேர்ந்துகொண்டே போகும். ஆகவே, மீத்தேனைக் காரணம் காட்டி நீரேற்றத்தைத் தள்ளிப்போடுவது சரியான வாதமன்று.

பாதி உயர்த்தினால் பீட் மெதுவாகவேனும் கரையத்தானே செய்யும் என்பது நியாயமான மறுப்பு. நானும் இதை இறுதித் தீர்வாகக் கொள்ளவில்லை. ஆழமான பீட் எஞ்சியுள்ள இடங்களை முழுமையாக நனைப்பதே முறை. ஆனால் பல வயல்களில் கலப்பை களிமண்ணைத் தொடுமளவு பீட் மெலிந்துவிட்டது. அங்கெல்லாம், முழுச் சதுப்பு வரட்டும் என்று காத்திருப்பதற்குள் மிச்சமும் காற்றோடு போய்விடும்.

உண்மையான முட்டுக்கட்டை வேறு. ஓர் உழவர் தன் வயலில் மட்டும் நீரை உயர்த்திவிட முடியாது. வாய்க்கால் மட்டத்தை வட்டார வடிகால் வாரியங்கள் தீர்மானிக்கின்றன. ஒரே பம்பின்கீழ் பல பண்ணைகள் இருக்கின்றன. ஒருவர் ஆழமாக வேரோடாத பயிர் வைத்திருப்பார், பக்கத்தவருக்கோ கனத்த அறுவடை இயந்திரம் புதையாத உலர்தரை வேண்டும். தனித்தனிப் பண்ணைக்கு மானியம் தரும் கொள்கை இவ்விடத்தில் பொருளற்றது. ஒரு பம்பின் எல்லைக்குட்பட்ட நிலம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு, வாரியத்தோடு உடன்படிக்கை செய்து, இழப்பீட்டை அதற்குள் பகிர்வதே நடைமுறைக்கு ஒத்தது.

இதிலும் ஒரு சிக்கல். மண் சூடேறும் கோடையில்தான் சிதைவு வேகமெடுக்கும். அப்போதுதான் மட்டம் உயர்ந்திருக்க வேண்டும். ஆனால் பிரிட்டனில் மழை மிகக் குறைந்த பகுதிகளுள் ஒன்று இது. எனவே, குளிர்காலத்தில் கடலை நோக்கி இறைத்துத் தள்ளும் நீரில் ஒரு பங்கைத் தேக்கிவைக்க நிலம் ஒதுக்கும் செலவையும் அந்த உடன்படிக்கையிலேயே சேர்த்தாக வேண்டும்.