இன்னும் எத்தனை நாள்?

குழந்தைகள் உள்ள வீட்டில், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அந்தக் கேள்வி ஆரம்பமாகிவிடும். "இன்னும் எத்தனை நாள்?" காலையில் கேட்டதையே மாலையிலும் கேட்பார்கள். அதற்குள் ஒரு நாள் குறைந்திருக்காதா என்ற சபலம்! பெரியவர்களுக்கு எரிச்சல் வரும். "வரும்போது வரும், போ!" என்று விரட்டிவிடுவோம்.

ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரை அடுத்த ஹார்ன் என்ற இடத்தில், 1839-ஆம் வருஷம் ஒருவர் இதே கேள்விக்கு விரட்டாமல் பதில் சொன்னார். அவர் பெயர் யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன். பதினைந்து வயதில் தகப்பனாரை இழந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். பிறகு வேதசாஸ்திரம் படித்துவிட்டு ஊர் திரும்பி, ஹாம்பர்க்கின் ஏழைச் சந்துகளில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். பசியும் திருட்டுமாக அலைந்த பிள்ளைகளைக் கண்ட பின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. 1833-இல், இருபத்தைந்து வயதில், தாயாரையும் அழைத்துக்கொண்டு ஒரு பழைய கூரை வீட்டில் குடியேறினார். 'ரௌஹெஸ் ஹவுஸ்' என்று அதற்குப் பெயர். முரட்டு வீடு என்று பொருள் சொல்லலாம். முன்னாளில் இருந்த ஒருவருடைய பெயர்தான் அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு. பெயர் எப்படியானால் என்ன? அந்த வருஷக் கடைசிக்குள் பன்னிரண்டு பையன்கள் சேர்ந்துவிட்டார்கள்.

சீர்திருத்தப் பள்ளி என்றால் மதில், பூட்டு, பிரம்பு என்று நினைத்த காலம் அது. விஹெர்ன் தம் வீட்டுக்கு மதிலும் வைக்கவில்லை, தாழ்ப்பாளும் போடவில்லை. வந்து சேரும் பையனிடம், பழையதெல்லாம் மன்னிக்கப்பட்டது என்று சொல்லிவிடுவார். இங்கே அன்பைத் தவிர வேறு சங்கிலி கிடையாது என்பார். பன்னிரண்டு பேர் ஒரு குடும்பம். அவர்களோடு கூடவே வசிக்க ஓர் அண்ணன். இதுதான் ஏற்பாடு.

இந்தப் பையன்கள் கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க அவரைத் துளைத்தெடுத்தார்களாம். அந்த வருஷம் டிசம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. பெரிய மரச் சக்கரம் ஒன்றில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தித் தொங்கவிட்டார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கு. இடையிலுள்ள நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகள். தினம் பிரார்த்தனை நேரத்தில் ஒன்று கூடுதலாக எரியும். எரியாதவற்றை எண்ணினால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். எதிர்பார்த்தவை எல்லாம் பொய்த்துப்போய்ப் பழகிய அந்தப் பிள்ளைகளுக்கு, நாளுக்கு நாள் தவறாமல் நெருங்கி வரும் ஒன்றைக் கண்ணால் காட்டியதுதான் இதில் பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் சக்கரம் பசுந்தழை வளையமாயிற்று. மெழுகுவர்த்தி நான்காகச் சுருங்கிற்று. புராட்டஸ்டண்டு வீடுகளில் பரவிய அந்த வளையம் 1925-இல் கொலோன் நகரக் கத்தோலிக்க ஆலயம் ஒன்றிலும் ஏறியது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய இந்த நான்கு வாரங்களைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்கிறார்கள். 'அட்வெந்துஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு வருகை என்றுதான் அர்த்தம். ரோமச் சக்கரவர்த்தி ஒரு நகரத்துக்கு எழுந்தருளுவதற்கும் அதே சொல்தான். ஐந்தாம் நூற்றாண்டில் டூர்ஸ் நகர மேற்றிராணியார் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் உபவாசம் இருக்கும்படி விதித்தார். நம் கார்த்திகை, மார்கழி விரதங்களின் நினைவு வருகிறதல்லவா? ஆனால் ஒரு வித்தியாசம். இக்காலத்தின் முதல் ஞாயிறன்று ஆலயத்தில் வாசிப்பது தொட்டில் குழந்தையின் கதை அல்ல. உலகத்தின் முடிவைப் பற்றி, கிறிஸ்து மறுபடி வரப்போவதைப் பற்றி வாசிப்பார்கள். எஜமான் எந்த ஜாமத்தில் திரும்புவான் என்று வேலைக்காரனுக்குத் தெரியாது. மணவாளன் எப்போது வருவான் என்று விளக்கேந்திய கன்னியருக்குத் தெரியாது. அவர்களில் ஐந்து பேருடைய விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோயிற்று என்பது கதை. ஆக, எண்ணிப் பார்த்துக் காத்திருப்பது ஒன்று. தேதியே தெரியாமல் காத்திருப்பது மற்றொன்று. விஹெர்னின் சக்கரம் குழந்தைகளுக்கு முதலாவதைக் கற்பித்தது. இரண்டாவதற்குச் சக்கரம் கிடையாது.

இதே விஹெர்ன் பின்னாளில் பிரஷ்ய அரசாங்கத்தின் சிறைச் சீர்திருத்தத்திலும் ஈடுபட்டார். பெர்லினில் மோவாபிட் சிறைக்குத் தம் வீட்டு 'அண்ணன்'களையே காவலர்களாக அனுப்பினார். கைதிகளைக் கூட்டமாக அடைக்காமல் ஆளுக்கு ஓர் அறையில் தனியே வைக்க வேண்டும், அப்போதுதான் மனச்சாட்சியின் குரல் காதில் விழும் என்பது அவர் கட்சி. மதில் இல்லாத வீட்டைக் கட்டியவர் தனியறைக்கு வாதாடியது எனக்குப் புரியாத விஷயம். நல்லவர்களின் யோசனைகள் எல்லாம் நல்ல யோசனைகளாக இருந்துவிடுவதில்லை.

அதே பெர்லினில், டேகல் என்ற வேறொரு சிறை. 1943 நவம்பர் 28, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்கள். தனியறை ஒன்றின் சுவரில், ஆணியில் ஒரு தழை வளையம் தொங்கியது. அறையில் இருந்தவர் டீட்ரிஹ் போன்ஹோபர் என்ற லூத்தரன் பாதிரியார். காந்தியடிகளிடம் வந்து தங்க விரும்பி, 1934-இல் அவருடைய அழைப்பையும் பெற்று, கடைசியில் வர முடியாமற் போனவர். ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கு கொண்டவர். ஏப்ரலில் பிடித்தவர்கள் விசாரணையைத் தள்ளிக்கொண்டே போனார்கள். இந்தக் காலத்துக்குச் சிறை அறையே நல்ல உவமை என்று அவர் நண்பருக்கு எழுதினார். உள்ளே இருப்பவன் என்ன செய்தாலும், கதவு வெளியிலிருந்துதானே திறக்க வேண்டும்? அவருக்குக் கதவு திறந்தது 1945 ஏப்ரல் 9-இல், பிளாஸன்பர்க் முகாமில், தூக்குமேடைக்காக. இரண்டே வாரத்தில் அமெரிக்கப் படை அங்கே வந்து சேர்ந்தது.

அடுத்த வருஷத் திருவருகையின்போது டேகலில் இருந்தவர் ஆல்பிரட் டெல்ப். இவர் கத்தோலிக்கர், இயேசு சபைக் குருவானவர். மியூனிக்கில் ஒரு கோவிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தாயார் கத்தோலிக்கர், தகப்பனார் புராட்டஸ்டண்டு. சிறு வயதில் தாமதமாக வந்ததற்காகப் புராட்டஸ்டண்டுப் பாதிரியார் கன்னத்தில் அறைய, பையன் நேரே கத்தோலிக்கக் கோவிலுக்குப் போய்விட்டான் என்று சொல்வார்கள். ஹிட்லர் போன பிறகு நாடு எப்படி இருக்க வேண்டும் என்று மோல்ட்கே பிரபுவின் நண்பர்களோடு கூடிப் பேசியதுதான் டெல்ப் செய்த குற்றம். 1944 ஜூலை 28-இல், காலைப் பூசை முடிந்ததும் கைது செய்தார்கள்.

இரவும் பகலும் கையில் விலங்கு. விலங்கிட்ட கைகளாலேயே அவர் எழுதினார். சலவைத் துணி கொண்டுவந்து வாங்கிப்போகும் இரண்டு பெண்கள், மூட்டைக்குள் அந்தத் துண்டுக் காகிதங்களை மறைத்து வெளியே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு திருவருகை ஞாயிற்றுக்கும் ஒரு தியானம். மனிதன் ஒருமுறை நன்றாக ஆட்டங்காண வேண்டும், தன்னால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்று தெரிந்தவனே உண்மையில் காத்திருக்கிறான் என்பது அவற்றின் சாரம். சௌகரியமாக நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இதை நான் அவ்வளவாக நம்பியிருக்க மாட்டேன்.

சபையை விட்டு விலகினால் விடுதலை என்று போலீசார் ஆசை காட்டினார்கள். அவர் சபையில் இறுதி வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டியது இன்னும் பாக்கியிருந்தது. டிசம்பர் 8-ஆம் தேதி, பார்க்க வந்த சக குரு ஒருவரின் முன்னிலையில், சிறைக்குள்ளேயே அதைக் கொடுத்தார். கண் கலங்கியது என்கிறார்கள். போலீசாருக்கு அதுவே பதில்.

ஜனவரி 9-இல் விசாரணை ஆரம்பம். நீதிபதி ரோலண்ட் பிரைஸ்லர். கைதிகளைக் கூச்சலிட்டு அவமானப்படுத்துவதில் பேர்போனவர். 11-ஆம் தேதி மரண தண்டனை. உடனே நிறைவேற்றுவார்கள் என்று எல்லாரும் நினைக்க, மறுபடியும் காத்திருப்பு, மூன்று வாரம். நாளை இருப்போமா என்பது ஒவ்வொரு காலையும் தெரியாது. பிப்ரவரி 2-இல் பிளோட்ஸென்ஸே சிறையில் தூக்கிலிட்டார்கள். சமாதி என்று ஒன்று கிடையாது. அஸ்தியைக் கழிவுநீர் பாயும் வயலில் தூவிவிட்டார்கள். மறுநாள் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் நீதிபதி பிரைஸ்லர் செத்துப்போனார். கதையில் இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஜனவரி 23-ஆம் தேதி மோல்ட்கே பிரபுவைத் தூக்கிலிட்டார்கள். அதே தேதியிட்டு டெல்ப் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நண்பர் ஒருவர் வீட்டில் குழந்தை பிறந்து, அதற்கு இவர் பெயரையே வைத்திருந்தார்கள். இவர்தான் ஞானத் தகப்பன். பிறந்து சில நாளே ஆன அந்தச் சிசுவுக்கு, பெரியவனாகி ஒருநாள் படிக்கும் என்ற நம்பிக்கையில், விலங்கிட்ட கையோடு நீளமாக எழுதியிருக்கிறார்.