கரம்பையும் கைகளும்

நரிக்குடிப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது, பிள்ளைகள் ஈரக் கரம்பையைப் பிசைந்து மாடும் வண்டியும் செய்வதைப் பார்த்திருக்கிறோம். அதை விளையாட்டு என்பதற்கு மேல் நாம் எண்ணியதில்லை. பெரியவர்களின் துயரத்திற்கு ஒப்பாரி என்றொரு வடிவம் உண்டு. சிறுவர் துயரத்திற்கு அப்படி எதை வைத்திருக்கிறோம்?

1938-இல் காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்த இங்கிலாந்து ஓவியர் அட்ரியன் ஹில், வரைவது தமக்குத் தந்த ஆறுதலை உணர்ந்தார். 1942-இல் 'கலை சிகிச்சை' என்னும் சொல்லை அவரே வழங்கினார்.

அச்சொல்லுக்குத் தமிழ் நிலத்தில் பொருள் தந்த ஊர்களுள் ஒன்று மட்டக்களப்பு. 1990-இல் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்த படுகொலைகளுக்குப் பின், அங்கே தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்தனர். அந்த அச்சம் பிள்ளைகளையும் பற்றியது. 1996-இல் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞர் பால் ஹோகனும் அந்நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். போர் முடியாத காலம் அது. இரு சமூகத்துப் பிள்ளைகளும் பேருந்தில் வந்து சேர்ந்தனர். ஒன்றாக மண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை கட்டினர், நடித்தனர். விசாரணையன்று, விளையாட்டும் படைப்புமே அங்கு மருந்து.

துயரைச் சொல்லப் பிள்ளைகளிடம் பல வேளை சொற்கள் இரா, கைகள் இருக்கும். தேர்வு நெருங்கியதும் ஓவிய வகுப்பைக் கணக்கு வகுப்பாக்கிவிடும் நாம், அப்போது எதைப் பறிக்கிறோம் என்று ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். கரம்பைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.