வீரர் எனப்படுவோர் யாவர்?

வென்றவனே வீரன் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். வரலாறு அதனை ஒப்புகின்றதா என்பதை நாம் சிறிது ஆராய்வோம்.

பண்டைக் கிரேக்கர் வீரனை 'ஹீரோஸ்' என்றனர். அவர்தம் வழிபாட்டில் அச்சொல் இறந்துபட்டோரையே பெரும்பாலும் குறித்தது. அத்தகையோரின் கல்லறைகளிற் பலியிட்டு, ஊரைக் காக்குமாறு வேண்டினர். வழிபாடு பெற்றோர் யாவரும் நல்லவரல்லர். அஸ்திபலேயா தீவினனாகிய கிளியோமீடிஸ் என்பான் ஒலிம்பியாவில் நிகழ்ந்த குத்துச்சண்டையில் எதிரியைக் கொன்று பரிசிழந்தான். சித்தங் கலங்கி ஊர்திரும்பி, பள்ளியொன்றின் தூணைப் பெயர்த்தான். கூரை ஏறக்குறைய 60 சிறுவர்மீது வீழ்ந்தது. பின்னர் அவன் மறைந்துவிடவே, அவனையும் வீரனாக வழிபடுமாறு தெல்பித் தெய்வவாக்குப் பணித்தது எனப் பவுசானியஸ் எழுதியுள்ளார். ஆற்றலைக் கண்ட அச்சமே ஆங்கு வழிபாடாயிற்று.

ஆயினும் கிரேக்கரிடத்து வேறோர் உணர்வும் இருந்தது. ஹோமரின் இலியட் காவியத்தில் அக்கிலீஸ் புகழை நாடினான். எக்டர் தன் நகரைக் காக்க நின்றான். எக்டர் தோற்று மடிந்தான். எனினும், காவியம் முடிவது அவனுடைய ஈமக்கடனோடுதான்.

தமிழரும் மாண்டோர்க்குக் கல் நட்டனர். நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகக் கூறும். 2006 இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மாண்டவன் ஒருவனுக்கு உரியது.

நமது வன்னியின் கதையோ இன்னும் வியப்புக்குரியது. 1803 இல் ஆங்கிலேயர் கண்டியரசோடு பொருதனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 25 ஆந் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை பின்வாங்கியது. ஒக்டோபர் 31 ஆந் திகதி அதே டிறிபேர்க் கற்சிலைமடுவில் வன்னியனைத் தோற்கடித்தான். ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கு நாட்டப்பெற்ற கல் அந்தத் தோல்வியையே பொறித்தது. ஆயின் நடந்தது யாது? வென்றவனின் புகழுக்கென நட்ட கல், தோற்றவனின் நடுகல்லாயிற்று! டிறிபேர்க்கை இன்று நினைப்பார் யார்? வன்னியனுக்கோ வவுனியாவிற் சிலை உண்டு, முல்லைமணி நாடகம் எழுதினார், மு. கருணாநிதி நாவல் எழுதினார். நாடகமும் நாவலும் கற்பனை விரவியவை. வரலாற்றை அவற்றினின்றும் பிரித்தறிதல் நம் கடன். எனினும், வலியார்க்குப் பணியாது நின்றான் என்பதே மக்கள் நெஞ்சில் நிலைத்தது.

இக்காலத்து வீரத்துக்குப் படைக்கலம் வேண்டுவதன்று. 2009 இற் போர் முடிந்தபின், முகமாலை முதலிய இடங்களிற் கண்ணிவெடி அகற்றும் பணியிற் பெண்கள் பலர் ஈடுபட்டனர். கொளுத்தும் வெயிலில், கனத்த காப்புடை அணிந்து, முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்தனர். ஒரு சிறு பிழையும் உயிரைக் கொள்ளும். தாம் வெல்ல அன்று, பிறர் அச்சமின்றி உழவும் நடக்கவுமே அவர் அவ்வாறு உழைத்தனர். அவர்தம் பெயரை நம்மிற் பலர் அறியோம். பெயர் அறியாமையால் அவர்தம் வீரம் குறைந்துவிடுமோ?

இளைஞர்களே! வெற்றி கைமாறும், கோட்டை இடிந்து மண்ணாகும். வீரன் யாரென்று முடிவு செய்வது அவனை நினைக்கும் ஊரே. கிளியோமீடிஸையும் ஓர் ஊர் வழிபட்டது என்பதை மறவாதீர்கள். யாரைப் போற்றுகின்றோமோ அவர்போல ஆகவே நம் பிள்ளைகள் விரும்புவர். ஆதலின், பிறர்பொருட்டு அஞ்சாது நின்றோரைத் தேடி அறிவோம், அவரையே போற்றுவோம்.